இளைக்கும் பொட்டலம்

தாராவியில் எங்கள் தகரக் கூரை மேல்
சின்டெக்ஸ் தொட்டி நிழலில்
தயிர் டப்பா பதினாறு.
கத்தியில் ஒட்டிய விதையை வழித்துப் போட்டதில்
முளைத்த தக்காளி ஒன்பது,
மிச்சம் மிளகாய்.
நாலு இலை விட்டதும் வந்துவிட்டது அசுவினி.

இருபத்தேழு நட்சத்திரத்தில் முதலாவதன் பெயரை
இந்தப் பச்சைப் பேனுக்கு வைத்தவன்
எந்த ஊர்ச் சோசியனோ.
குருத்தின் அடியில் தலை கவிழ்ந்து
ஒன்றன் முதுகில் ஒன்றாய்
காலை எட்டு மணி சர்ச்கேட் லோக்கல்.
எறும்புகள் வேறு
பின்பக்கம் தட்டித் தட்டித் தேன் கறந்தன.

தையல் யூனிட்டில் என்னோடு நூல் வெட்டும்
மந்தாகினி சொன்னாள்:
"தம்பாக்கூ பானி."
பல் தேய்க்க மிஷ்ரி வறுப்பவள்,
அவளுக்குத் தெரியாத புகையிலை இல்லை.
ராத்திரி ஊறப்போடு, வடிகட்டு,
சவுக்காரம் சுரண்டிச் சேர்,
வெயில் இறங்கினபின் அடி.

புகையிலைக்கு நான் எங்கே போக?
வீட்டிலேயே இருந்தது
தவசிமுத்துவின் லுங்கி மடிப்பில்,
சுண்ணாம்பு டியூப்போடு, ரப்பர் பேண்டு சுற்றி.
அவர் குறட்டை கேட்ட பிறகு
தினம் ஒரு சிட்டிகை.
பத்தாம் நாள்
தொண்ணூறடி ரோட்டில் சௌராசியா கடையில் சண்டை.
"பொட்டலம் இளைக்குது, என்னய்யா யாவாரம் பண்ணுத?"
சௌராசியா தன் தாய்மேல் சத்தியம் செய்தானாம்.
வீட்டுக்கு வந்து அவர் சொல்லச் சொல்ல
நான் வெங்காயம் நறுக்கினேன்,
கண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டுமே.

பொம்பளை சிரிச்சா போச்சு
பொகையிலை விரிச்சா போச்சு
என்பார்கள் எங்கள் பக்கம்.
அன்றிரவு இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் விரிந்த இலை
தண்ணீரைக் கடுங்காப்பி ஆக்கியது.
யாராவது குடித்துத் தொலைப்பார்களோ என்று
மூடியில் நெயில் பாலிஷால் மண்டையோடு வரைந்தேன்.
பூசணிக்காய் போல வந்தது.
பரவாயில்லை, பல் இருந்தது.

மறுநாள் லைனிங் துணியில் கட்டி
வெறுங்கையால் பிழிந்தேன். அதுதான் தப்பு.
சாறு கைவழியே ஏறிற்று.
தொட்டி சுற்றியது,
தூரத்துக் கட்டடத்தின் கிரேன் சுற்றியது,
வாயில் உப்புநீர் ஊறியது.
ஏணி இறங்கி மோரியில் வாந்தி.
எதிர்வீட்டு ரத்தினபாய் ஓடிவந்து
கண்ணைச் சிமிட்டி மாங்காய் ஊறுகாய் நீட்டினாள்.
அக்கா, என் சின்னவனே பத்தாவது படிக்கிறான்
என்று சொல்லக்கூட முடியவில்லை.
இருபது வருஷமாய் இதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
ஒரு மனிதன் எப்படி நேராக நடக்கிறான் என்று
ஈரத் தரையில் படுத்தபடி யோசித்தேன்.

மூன்றாம் நாள் அசுவினி கருத்து உதிர்ந்தது.
மாடு தொலைத்தவர்களாய்
எறும்புகள் வெறுந்தண்டில் ஏறி இறங்கின.
ஒரு டப்பாவின் விளிம்பில்
கறுப்புப் புள்ளி வைத்த சிவப்பு வண்டு
மல்லாந்து கிடந்தது.
அசுவினியைத் தின்ன வந்தது அது.
எங்கள் கட்சி.
மந்தாகினி இதைச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஏற்ற வந்தவர்
ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.
"என்னத்த அடிச்ச?"
சொன்னேன், லுங்கி மடிப்பிலிருந்து தொடங்கி.
கத்துவார் என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.
அவர் இடது கன்னத்தின் உட்புறத்தை
நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார்,
தாழப் பறந்த விமானம் ஒன்று
சத்தம் ஓயும் வரை.
"சௌராசியாட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

கேட்கப் போனவர்
இரண்டு பொட்டலத்தோடு திரும்பினார்.
"இது எனக்கு. அது ஒஞ் செடிக்கு. கலந்துராத."

செடியுடையதை நான் இன்னும் பிரிக்கவில்லை.
வண்டு ஏதாவது வருகிறதா
பார்த்துக்கொண்டு செய்யலாம் என்று
ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.
அவருடையது வியாழனோடு தீர்ந்தது.
மறுபடி வாங்கவில்லை என்கிறார்,
கேட்காமலே சொல்கிறார்.
நேற்றிலிருந்து
செடியின் பொட்டலம் இளைக்கிறது.